தீவுக்குப் பயணச் சீட்டு, கடலுக்குத் தடை: மன்னார் வளைகுடா யாருடைய பூங்கா?

தேசியப் பூங்காக்களைப் பற்றிய பொது விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு குரல்களுக்கிடையில் நடைபெறுகிறது. அரசு காக்கும் இயற்கையை மக்கள் கண்டு மகிழ வேண்டாமா என்று ஒரு குரல் கேட்கிறது. மனிதக் காலடி பட்டால் அந்த இயற்கையே மிஞ்சாது என்று மற்றொரு குரல் எச்சரிக்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடலில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைப் பற்றிய விவாதமும் இந்த வடிவத்தில்தான் நடைபெறுகிறது. கண்ணாடி அடித்தளப் படகு விடலாமா, தீவுகளில் பயணிகளை இறக்கலாமா, எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்பனவே அதன் கேள்விகள்.

இந்த இரு குரல்களுக்கும் பொதுவான ஓர் ஊகம் உண்டு. அந்தக் கடல் ஆளில்லாத கடல், அதற்கு வெளியிலிருந்து வருபவர்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது மட்டுமே பிரச்சினை என்பதே அந்த ஊகம். அக்கடலில் மூச்சை அடக்கி மூழ்கிச் சங்கும் பாசியும் எடுத்து வாழ்ந்த மக்களின் உரிமை என்ன ஆயிற்று என்ற கேள்வி இரு தரப்பிலும் எழுவதில்லை. அம்மக்களில் ஒரு பகுதியினர் பட்டியல் சாதியினர் என்பதும் பேசப்படுவதில்லை. அக்கேள்விக்கு விடை காணாமல், பாதுகாப்பைப் பற்றியோ பொழுதுபோக்கைப் பற்றியோ எடுக்கப்படும் எந்த முடிவும் நீதியானதாக இருக்க முடியாது என்பதே நம் நிலைப்பாடு.

பூங்காவுக்கு முந்தைய கடல்

தூத்துக்குடியை முத்துநகர் என்று அழைக்கிறோம். அந்த முத்தை எடுத்தவர்கள் யார் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. முத்துக்குளித்துறையின் வரலாற்றில் பரதவர்களின் பெயர் முதலிடம் பெறுகிறது. அது நியாயமே. அவர்களோடு சேர்ந்து மூழ்கிய வேறு சமூகங்களும் இருந்தன. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகள், இராமேசுவரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடற்சிப்பிகளைச் சேகரித்துச் சுண்ணாம்பு சுடும் தொழிலைச் செய்த கடையர் சமூகத்தைப் பதிவு செய்கின்றன. முத்துக்குளிப்போரில் ஒரு பகுதியினர் இவர்களிடமிருந்தே திரட்டப்பட்டனர் என்பதும் அப்பதிவில் உண்டு. நகரங்களின் சுவர்களுக்குச் சுண்ணாம்பையும் செல்வர்களின் கழுத்துக்கு முத்தையும் கொடுத்த உழைப்பு அது.

அந்த உழைப்புக்குக் கிடைத்த பங்கும் பதிவில் இருக்கிறது. பிரித்தானிய ஆட்சிக்காலத்து முத்துக்குளிப்பில், எடுக்கப்பட்ட சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கும் என்பதே வழக்கம். சுறாவும் மூச்சுத்திணறலும் மூழ்கியவனுக்கு. வருவாயின் பெரும்பகுதி கரையில் நின்றவனுக்கு. விடுதலைக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் முத்துச்சிப்பிப் படுகைகள் வளம் குன்றிப்போயின. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். அந்த அறிவு, மூழ்கிய குடும்பங்களின் வாழ்வாதாரமாக விரியவில்லை. அவர்களுக்கு எஞ்சியவை சங்கும் மீனும் பாசியும்.

கடையர் சமூகத்தின் சட்டநிலை இவ்விவாதத்துக்கு இன்றியமையாதது. 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டம், ஏழு உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரின்கீழ்க் கொண்டுவந்தது. அப்போது தூத்துக்குடி, இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளில் வாழும் கடையர்கள் அப்பெயரிலிருந்து விலக்கப்பட்டுப் பட்டியலில் தனிப் பிரிவாகவே நீடிக்கின்றனர். அதாவது, இக்கடற்கரையில் கடலையே தொழிலாகக் கொண்ட ஒரு பட்டியல் சாதி இருக்கிறது என்பதை அரசமைப்பு ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் தலித் அரசியல் என்றால் வயலும் சேரியும் என்றும், மீனவர் அரசியல் என்றால் சாதி கடந்த ஒரே சமூகம் என்றும் பழகிவிட்ட நம் பார்வையில், கடலில் மூழ்கும் தலித் விடுபட்டுப்போகிறார்.

இதில் இன்னொரு விடுபடலும் சேர்கிறது. இக்கடற்கரையின் கடையர்களில் பெரும்பகுதியினர் கிறித்தவர்கள் என்று தர்ஸ்டன் அன்றே குறிப்பிட்டிருக்கிறார். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரான தலித் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குச் செல்கிறார். இந்த அநீதியை ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. ஒரே படகிலிருந்து மூழ்கும் இருவரில் ஒருவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, மற்றவருக்கு இல்லை என்ற நிலை கடற்கரையில் எத்தகைய விளைவை ஏற்படுத்தும் என்பதை இப்பின்னணியில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் யாருக்கு வழிவிடுகிறது

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கை செய்யப்பட்டது. தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என நான்கு தொகுதிகளாகத் தீவுகள் பிரிக்கப்பட்டன. தூத்துக்குடித் தொகுதியில் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகிய நான்கு தீவுகள் உள்ளன. 1989இல் இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரை 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் அது சேர்ந்தது. 4,223 வகை உயிரினங்களும் 117 வகைப் பவளங்களும் இங்கே பதிவாகியுள்ளன. காக்கப்பட வேண்டிய கடல் இது என்பதில் ஐயமில்லை.

காக்கும் வழியை வகுக்கும் சட்டம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதன் 28ஆம் பிரிவு, காப்பிடத்துக்குள் நுழைய எவற்றுக்காக அனுமதி தரலாம் என்று பட்டியலிடுகிறது. வனவிலங்கு ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவருடன் சட்டப்படியான கொடுக்கல் வாங்கல் என்பன அவை. 35ஆம் பிரிவின்வழி இது தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். ஆகவே பொழுதுபோக்குக்கு இச்சட்டத்தில் பெயர் சொல்லி இடம் உண்டு. தலைமுறைகளாக அங்கே பாசி எடுத்தவருக்கும் சங்கு குளித்தவருக்கும் அந்தப் பட்டியலில் இடம் இல்லை. சுற்றுலாவை எதிர்க்கும் இயற்கை ஆர்வலரும் ஆதரிக்கும் வணிகரும் இந்த ஏற்பாட்டின்மீது கேள்வி எழுப்புவதில்லை.

அதே சட்டம் வேறொன்றையும் சொல்கிறது. ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக்க எண்ணும் அரசு, முதலில் 35(1) பிரிவின்கீழ்த் தன் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் அப்பகுதியில் யாருக்கு என்ன உரிமை உண்டு என்று விசாரித்துத் தீர்வு காண வேண்டும். அதன்பின்னரே 35(4) பிரிவின்கீழ் இறுதி அறிவிப்பு வரலாம். கடற்பகுதி சேர்க்கப்படுமானால் 26அ பிரிவும் பொருந்தும். உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகே கடல் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும் என்று அப்பிரிவு கட்டளையிடுகிறது. 1991இல் சேர்க்கப்பட்ட வரி இது. மீனவரின் உரிமை கருணையால் தரப்படும் சலுகையாக இச்சட்டத்தில் வைக்கப்படவில்லை. பூங்கா அமைவதற்கே அது முன்நிபந்தனை.

ஆயினும் இதே சட்டத்தில் ஒரு கடுமையும் உண்டு. காப்பிடம் ஒன்றில் மக்களின் உரிமை தொடர்வதற்கு ஆட்சியர் அனுமதிக்க 24(2)(இ) பிரிவு வழி தருகிறது. தேசியப் பூங்காவுக்கு அந்த உட்பிரிவு மட்டும் பொருந்தாது என்று விலக்கப்பட்டிருக்கிறது. பூங்கா என்ற சொல் சுற்றுலாப் பயணிக்கு வாயிலைத் திறந்து வைத்துவிட்டு, உழைப்பவருக்கு அதைச் சாத்துவது இவ்வாறுதான்.

25 கிலோமீட்டரின் கதை

இந்தச் சட்ட நுணுக்கம் யாருக்குப் பயன்பட்டது என்பதைத் தூத்துக்குடியின் அண்மை வரலாறு காட்டுகிறது. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு 1994இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடையின்மைச் சான்றிதழ் அளித்தபோது, சூழல் முக்கியத்துவம் கொண்ட பகுதியிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவில் ஆலை அமைய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஆலை அமைந்த இடமோ வான் தீவு உள்ளிட்ட நான்கு தீவுகளுக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தது. 2010 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டபோது கூறிய காரணங்களில் இதுவும் ஒன்று.

2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. ஆலை 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. பூங்காவைப் பொறுத்தவரை, 1986இல் வந்தது 35(1) பிரிவின்கீழான எண்ண அறிவிக்கையே, 35(4) பிரிவின்கீழான இறுதி அறிவிப்பு இல்லை என்பதை அத்தீர்ப்பு சுட்டியது. எண்ணம் அறிவிக்கப்பட்டு 27 ஆண்டுகளுக்குப் பிறகு நிலை இது.

இதன் பொருளை நிதானமாகப் பார்ப்போம். அந்த 27 ஆண்டுகளில் தீவுக்கருகே வலை விரித்தவரிடமும் பாசி எடுத்த பெண்ணிடமும் வனத்துறை இது தேசியப் பூங்கா என்று சொன்னது. அபராதமும் பறிமுதலும் அவர்களுக்கு உண்மையாகவே நிகழ்ந்தன. ஆலையின் வழக்கிலோ, அந்தப் பூங்கா சட்டப்படி இன்னும் முழுமையடையாத ஒன்றாயிற்று. உரிமைகளை விசாரித்துத் தீர்க்காமல் விட்ட அரசின் காலதாமதம், உரிமை இழந்தவருக்குத் தண்டனையாகவும் ஆலைக்கு வாதமாகவும் முடிந்தது. அந்த ஆலையை மூடக் கோரிய மக்கள்மீது 2018 மே 22 அன்று காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர். ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது சட்டத்தால் மட்டும் நிகழவில்லை. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் வேதாந்தா நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்வதற்குள், அதற்கான விலையை மக்கள் செலுத்தியிருந்தனர்.

ஆலை ஒன்றோடு இக்கதை முடியவில்லை. 2005 ஜூலையில் தொடங்கப்பட்ட சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டம், கடல் தரையைத் தோண்டும் திட்டம். மீனவர் அமைப்புகள் தொடக்கம் முதல் அதை எதிர்த்தன. திட்டம் நின்றதோ 2007இல் இராமர் பாலம் குறித்த வழக்கில். நம்பிக்கைக்குக் கிடைத்த செவி வயிற்றுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் 2023 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் அத்திட்டத்தை மீண்டும் நிறைவேற்றக் கோரித் தீர்மானம் இயற்றியபோது, கடலோரத்தின் கேள்விகள் பழைய இடத்திலேயே விடையின்றி இருந்தன. 2024 பிப்ரவரி 28 அன்று ஒரே நாளில் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் சுமார் 7,056 கோடி ரூபாய் மதிப்பிலான வெளித்துறைமுகத் திட்டத்துக்கும் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. வளர்ச்சியை நாம் மறுக்கவில்லை. இத்தனை பெரிய பணிகளுக்கு இடம் தரும் கடற்கரையில், ஒரு பெண் கைநிறையப் பாசி எடுப்பது மட்டும் இயற்கைக்கு ஆபத்தாகக் கருதப்படுவது எப்படி என்று கேட்கிறோம்.

பவளப்பாறையை உடைத்த கைகளும் வாங்கிய கைகளும்

நம் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் ஓர் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை உடைத்து எடுத்தவர்கள் கடலோர ஏழைகளே. பல பத்தாண்டுகள் நடந்த அந்த அகழ்வால் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பாறைப் பரப்பில் சுமார் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்தது. தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லியும் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் கடலுக்குள் மூழ்கின. 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த காரைச்சல்லி இன்று அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது. வான் தீவைக் காப்பாற்றப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளைக் கடலில் இறக்க நேர்ந்தது.

கடப்பாரை பிடித்த கை ஏழையின் கை என்பது உண்மை. அந்தப் பவளக்கல் எங்கே சென்றது? சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டுமானத்துக்கும் கால்சியம் கார்பைடு போன்ற தொழில்களுக்கும் சென்றது. சிப்பி சேகரித்துச் சுண்ணாம்பு சுட்ட சாதித் தொழில், ஆலைகளின் தேவையால் பாறையை உடைக்கும் கூலித் தொழிலாகப் பெருகியது. 2001இல் பவளங்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. குற்றவாளி ஆனவர் கூலியாள். கல்லை வாங்கி இலாபம் ஈட்டியவர் யாரும் அந்த வரலாற்றில் குற்றவாளியாக இல்லை. அதே ஆண்டில் கடல் அட்டை பிடிப்பதும் தடை செய்யப்பட்டது. அதை நம்பியிருந்த மூழ்குநர்களுக்கு மாற்றுத் தொழில் தரும் பொறுப்பு தடையோடு சேர்ந்து வரவில்லை.

பாதுகாப்பு நமக்குத் தேவையில்லை என்று இதிலிருந்து முடிவு செய்வது பெருந்தவறு. பவளப்பாறையும் தீவும் அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண்கள். அவை அழிந்தால் முதலில் அரிக்கப்படுவது கரையோரத்தில் குடிசை போட்டிருக்கும் குடும்பத்தின் நிலம். மீன்குஞ்சுகள் வளரும் இடம் போனால் முதலில் வெறுங்கையோடு திரும்புவது சிறு வள்ளம். தொலைவுக்குச் செல்லும் விசைப்படகுக்கு வேறு கடல் உண்டு. ஆகவே இந்தப் பவளப்பாறை காக்கப்படுவதில் அதிக அக்கறை கொள்ள வேண்டியவர்கள் ஒடுக்கப்பட்ட கடலோர மக்களே. சூழலியலைச் செல்வர்களின் கவலை என்று ஒதுக்கித் தள்ளும் போக்கு நம் இயக்கங்களிலும் உண்டு. அது மாற வேண்டும்.

யாருடைய ஓய்வு, யாருடைய உழைப்பு

தேசியப் பூங்கா என்ற கருத்து 1872இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் பிறந்தது. மக்களின் நன்மைக்கும் மகிழ்ச்சிக்குமான இடமாக அது ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்தில் வேட்டையாடியும் கிழங்கெடுத்தும் வாழ்ந்த ஷோஷோன், பன்னாக் போன்ற தொல்குடிகள் அந்த மக்கள் என்ற சொல்லுக்குள் வரவில்லை. அவர்கள் அப்புறப்படுத்தப்பட்ட பிறகே அது மனிதக் கைபடாத இயற்கை என்று விளம்பரம் பெற்றது. கடலிலும் இது நிகழ்ந்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளிலிருந்து மக்களை வெளியேற்றிய பிரித்தானியா, 2010இல் அத்தீவுகளைச் சுற்றிப் பெரும் கடற்காப்பிடத்தை அறிவித்தது. டியாகோ கார்சியாவில் உள்ள படைத்தளம் அதற்குத் தடையாக இல்லை. வெளியேற்றப்பட்ட மக்கள் ஊர் திரும்புவதுதான் மேலும் கடினமாயிற்று. 2015இல் பன்னாட்டுத் தீர்ப்பாயம் ஒன்று அந்த அறிவிப்பு கடற்சட்டத்துக்கு முரணானது என்று கூறியது.

மன்னார் வளைகுடாவில் யாரும் அந்த அளவுக்கு வேரோடு பெயர்க்கப்படவில்லை. ஆயினும் உள்ளே இருந்தவரை வெளியே நிறுத்திவிட்டு, வெளியே இருந்தவரைக் கட்டணம் வாங்கி உள்ளே அழைக்கும் முறை ஒன்றுதான். வனத்துறை பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகுச் சுற்றுலாவை நடத்துகிறது. கண்ணாடி வழியே பவளத்தைப் பார்ப்பது பயணிக்கு நல்ல அனுபவமாக இருக்கலாம். மாணவர்கள் தம் கடலை அறிய அது உதவவும் கூடும். இதை வெறும் கேளிக்கை என்று பழிப்பது நம் நோக்கமன்று. ஓய்வும் அழகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை. உப்பளத்தில் வெயிலில் நிற்கும் தாயின் பிள்ளைக்கும் அந்தப் பவளத்தைப் பார்க்கும் உரிமை உண்டு.

ஆயினும் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். படகு யாருடையது? சீட்டுப் பணத்தில் எத்தனை பங்கு கரையோர ஊருக்குச் செல்கிறது? வழிகாட்டி என்ற ஊதியப் பணி யாருக்கு, கழிப்பறை துப்புரவு யாருக்கு? உள்ளூர் மக்களுக்கு வேலை என்ற சொல், சாதி அடுக்கில் மேலே இருப்பவருக்குப் படகையும் கீழே இருப்பவருக்குத் துடைப்பத்தையும் தருமானால், அது நிலத்தில் உள்ள ஊர்ச்சேரி ஒழுங்கைக் கடலுக்கு நீட்டிப்பதாகும். சுற்றுலாவால் பயன்பெறும் உள்ளூர் சமூகம் என்று அறிக்கைகள் ஒருமையில் எழுதுகின்றன. கடற்கரையில் சமூகங்கள் பன்மை. பரதவர், முக்குவர், வலையர், கடையர், முஸ்லிம் மீனவர் என்று ஒவ்வொருவரின் படகு, கரை, குரல் ஆகியவற்றின் அளவு வேறு. ஊர்க் கமிட்டியில் இடம் இல்லாதவருக்குச் சூழல் மேம்பாட்டுக் குழுவிலும் இடம் கிடைப்பதில்லை.

பாசி எடுக்கும் பெண்களின் பாடம்

மக்களை நம்பினால் கடல் அழியும் என்ற அச்சத்துக்கு இக்கடலிலேயே விடை இருக்கிறது. மண்டபம், பாம்பன், ஏர்வாடிக் கரைகளில் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்து போன்ற பாசிகளை எடுக்கின்றனர். அகர் தயாரிக்கும் ஆலைகளுக்கு அது மூலப்பொருள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் பழைய செருப்புடன், மூச்சை அடக்கி மூழ்கும் வேலை அது. பூங்கா வந்தபின் அவர்கள் ஊடுருவுபவர்களாக நடத்தப்பட்டனர்.

அவர்கள் கூட்டமைப்பாகத் திரண்டு தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தனர். மாதத்தில் 12 நாட்களே கடலில் இறங்குவது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் 45 நாட்கள் பாசி எடுக்காமல் நிறுத்துவது, பவளத்தைப் பெயர்க்காமல் கையால் மட்டும் எடுப்பது என்பன அவ்விதிகள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது இந்தப் பணிக்காகத்தான்.

இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டிய மற்றொரு நிகழ்வு உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டி பெப்சிகோ நிறுவனத்தின் ஈடுபாட்டுடன் மண்டபம் பகுதியில் காப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியின் வணிக வளர்ப்பு தொடங்கியது. 2008இல் அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களின்மேல் படர்ந்து அவற்றை மூடிக்கொல்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கையால் எடுத்த பெண் சந்தேகத்துக்கு ஆளானாள். அயல் பாசியை இறக்கியது திட்டம் என்று பெயர் பெற்றது. 2023இல் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. அங்கே பாசி எடுக்கும் பெண்கள் பங்குதாரர்களாக இருப்பார்களா, நாற்கூலிகளாக இருப்பார்களா என்பதை இப்போதே கேட்க வேண்டும்.

நாம் கோருவன

முதலாவது, உரிமை விசாரணை. 26அ பிரிவு கட்டளையிடும் தொழில் நலப் பாதுகாப்பு இக்கடலில் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை அரசு ஊர்தோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். செய்யப்படவில்லையெனில் இப்போதாவது செய்ய வேண்டும். அதில் சங்கு குளிப்போர், பாசி எடுக்கும் பெண்கள், கரையிலிருந்து வலை வீசுவோர் என்று படகுரிமை இல்லாதவர்களின் பெயர்களும் சேர வேண்டும்.

இரண்டாவது, கையில் உள்ள சட்டங்களைப் பயன்படுத்துதல். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனநிலம் என்ற வரையறைக்குள் தேசியப் பூங்காக்களையும் சேர்த்திருக்கிறது. நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருளும் அச்சட்டத்தின் சமூக உரிமைகளுக்குள் அடங்கும். தீவுகளை மூன்று தலைமுறைகளாகப் பயன்படுத்தியவர்கள் அதன்கீழ் உரிமை கோர இடமுண்டு என்று வாதிடலாம், வாதிட வேண்டும். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எ) எனத் தமிழில் எண்ணப்படும் உட்பிரிவு, பட்டியல் சாதியினர் நிலத்தின்மீதும் நீரின்மீதும் கொண்டுள்ள உரிமையில், வன உரிமை உட்பட, குறுக்கிடுவதைக் குற்றமாக்குகிறது. கடலோரக் கடையர் குடும்பங்களின் வழக்குகளில் இதைச் சோதித்துப் பார்க்கும் பணி சட்டம் பயிலும் நம் மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது.

மூன்றாவது, சுற்றுலாவின் கணக்கு. இருக்கும் சுற்றுலாவும் இனித் தூத்துக்குடித் தீவுகள் பக்கம் வரக்கூடிய எந்தச் சுற்றுலாவும், வருவாய்க் கணக்கையும் பணியாளர் விவரத்தையும் சாதி, பாலின வாரியாக வெளியிட வேண்டும். படகு உரிமத்தில் பட்டியல் சாதிப் பெண்களின் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை வேண்டும். எத்தனை பயணிகள், எந்த மாதங்களில் என்பதை முடிவு செய்யும் குழுவில் மூழ்கித் தொழில் செய்வோர் வாக்குரிமையுடன் அமர வேண்டும். கடலுக்கடியில் என்ன மாறுகிறது என்பதை நாள்தோறும் கண்ணால் காண்பவர்கள் அவர்கள்.

நான்காவது, சம அளவுகோல். பாசி எடுக்கும் கைக்கு விதிக்கப்படும் கட்டுப்பாட்டை ஆலைக்கழிவுக்கும் அனல்மின் சாம்பலுக்கும் துறைமுகத் தூர்வாரலுக்கும் முதலில் விதிக்க வேண்டும். இவற்றைத் தொடாமல் தீவில் காலடி வைத்தவரை மட்டும் பிடிக்கும் பாதுகாப்பு, பவளத்தையும் காக்காது, மக்களையும் காக்காது.

காரைச்சல்லியை மீட்க இப்போது செயற்கைப் பாறைகள் திட்டமிடப்படுகின்றன. அதற்கு நிதியும் பொறியியல் அறிவும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பணியில் தீவின் அடித்தரையை ஒவ்வொரு அடியாக அறிந்த மூழ்குநர்களுக்கு நிரந்தர ஊதியப் பணி தரும் முடிவை அரசு இன்றே எடுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. முத்துக்குளித்துறையில் மூன்றில் ஒரு பங்கோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இந்தக் கடலின் பாதுகாப்பில் எத்தனை பங்கு பெறப்போகிறார்கள் என்பதைக் கொண்டே இப்பூங்காவை நாம் மதிப்பிடுவோம்.